சோற்றுக்குள் இருக்கும் விதை

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் பிறக்கும் பிள்ளைக்குத் தானியத்தோடான உறவு மிக நேரத்தோடேயே தொடங்கிவிடுகிறது. ஆறாம் மாதமளவில் சோறு தீத்துகிறார்கள். முதற்பல் முளைத்தவுடன் அரிசி மாவில் கொழுக்கட்டை பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் பதித்து அவித்து, பிள்ளையை இருத்தித் தலையில் கொட்டுகிறார்கள். மூன்று வயதளவில், விஜயதசமி நாளில், தட்டில் பரப்பிய பச்சையரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கிறார்கள். பிள்ளை எழுதிப் பழகும் முதற்பலகை அரிசிதான்.

இருந்தும், அதே பிள்ளையிடம் ஐந்து வயதில் "அரிசி எங்கேயிருந்து வருகுது?" என்று கேட்டால், பெரும்பாலும் "கடையில இருந்து" என்றுதான் விடை வரும். அந்த விடையில் பிழை பிள்ளையுடையதல்ல. அது பார்த்தது கடையை மட்டுந்தான்.

புங்குடுதீவில் இது கூடுதலாக யோசிக்கவேண்டிய விடயம். குறிகட்டுவான் துறைக்குப் போய் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறும் ஆயிரக்கணக்கானோர் இந்தத் தீவை ஊடறுத்தே போகிறார்கள். பேருந்தின் யன்னலால் அவர்கள் பார்க்கும் வெளிகளில் ஒருகாலம் நெல்லும் வரகும் குரக்கனும் பயறும் விளைந்தன. ஆறில்லாத ஊர் இது. சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லியதாகப் படிந்த மண், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை, அதை நம்பிய ஒரேயொரு பெரும்போகம். இவ்வளவோடுதான் தீவார் பயிர் செய்தார்கள். 1990களின் தொடக்கத்தில் யுத்தம் தீவுக்குள் வந்தபோது ஊர் ஏறக்குறைய வெறுமையானது. திரும்பி வந்தவர்கள் சிலர். வன்னியிலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் பாரிசிலும் வேர்விட்டவர்கள் பலர். வயல் தரிசானதைவிடப் பெரிய இழப்பு ஒன்று அப்போது நேர்ந்தது: பாட்டன் விதைக்கும்போது வரம்பில் நின்று பார்க்கும் பேரப்பிள்ளை என்ற பள்ளிக்கூடம் ஒரு தலைமுறைக்கு மூடிக்கிடந்தது. வீட்டில் தானாகக் கிடைத்த அந்த அறிவை இப்போது நாம் வேண்டுமென்றே கற்பிக்கவேண்டியிருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? தானியங்களின் பெயர்ப்பட்டியலிலிருந்து அல்ல. படங்களுக்கு நிறந்தீட்டுவதிலிருந்தும் அல்ல. ஒரேயொரு உண்மையிலிருந்து தொடங்கலாம்: தானியம் என்பது விதை, விதை என்பது உயிருள்ள பொருள். இதைப் பிள்ளை கையால் தொட்டு அறிந்துவிட்டால், மற்றெல்லாவற்றையும் அதிலிருந்தே விளங்கிக்கொள்ளும்.

மணிக்குள் ஆர் இருக்கினம்?

ஒரு நெல்மணியைப் பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். அதன் நிறை ஏறத்தாழ ஒரு கிராமின் நாற்பதில் ஒரு பங்கு. வெளியே சொரசொரப்பான உமி. நகத்தால் உமியை உரித்தால் செம்மண்நிற அரிசி. அந்த நிறம் தவிட்டுப் படையினுடையது. அரிசியின் ஒரு முனையில், பக்கவாட்டில், சின்னஞ்சிறு வெண்புள்ளி ஒன்று தெரியும். கைவில்லை ஒன்று இருந்தால் இன்னும் நன்று. அந்தப் புள்ளிதான் முளையம். அதற்குள் வேராகப்போகும் பகுதியும் இலையாகப்போகும் பகுதியும் ஏற்கெனவே உருவாகி இருக்கின்றன. மிகுதி அரிசி பெரும்பாலும் மாப்பொருள். தாவரவியலார் அதை வித்தகவிழையம் என்பர்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? மணிக்குள் ஒரு குழந்தைச் செடி தூங்குகிறது. அது தூர வழி போகவேண்டியது. வழியில் பசிக்குமென்று தாய்ச்செடி கட்டுச்சோறு கட்டிக் கொடுத்திருக்கிறது. இவ்வளவு சொன்னால் போதும். முளையத்தின் நிறை, உமி நீக்கிய அரிசியின் நிறையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். மற்றது அநேகமாக முழுவதும் அந்தக் குழந்தையின் உணவு. இலை விரிந்து, வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கத் தொடங்கும் வரைக்கும் அது செடிக்குக் காணும். அந்த உணவைத்தான் நாம் எடுத்துச் சோறாக்குகிறோம், புட்டாக்குகிறோம், இடியப்பமாகப் பிழிகிறோம்.

சொன்னதைப் பிள்ளை நம்பவேண்டியதில்லை. செய்து பார்க்கட்டும். மூன்று சிரட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஈரத்துணி விரியுங்கள். முதலாவதில் விதைநெல், இரண்டாவதில் அவித்துக் காயவைத்த புழுங்கல் நெல், மூன்றாவதில் கடையில் வாங்கிய வெள்ளைப் பச்சையரிசி. நாளும் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால், சில நாளில் விதைநெல்லின் நுனியில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். மற்ற இரண்டிலும் ஒன்றும் நடக்காது. ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் காரணம் தேடட்டும். அவித்த நெல்லில் குழந்தைச் செடி சூட்டில் இறந்துவிட்டது. வெள்ளை அரிசியிலோ அதைத் தீட்டியபோது முளையமே உதிர்ந்துபோய்விட்டது. கட்டுச்சோறு மட்டும் மிச்சம். முளைக்க மண் தேவையில்லை என்பதும் அதே சிரட்டையில் தெரிந்துவிடும். தண்ணீரும் காற்றும் தகுந்த சூடும் இருந்தால் உள்ளே இருக்கும் உணவே போதுமானது.

அரிசியின் சிவப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நம் பழைய இனங்கள் சிவப்பரிசி இனங்கள். காட்டு நெல்லின் அரிசியும் சிவப்பே. அந்த நிறத்தை உண்டாக்கும் பரம்பரையலகில் 14 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றத்தால்தான் உலகின் வெள்ளையரிசி இனங்களில் மிகப் பெரும்பாலானவை வெள்ளையாயின. ஆகவே சிவப்பு அரிசியைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளைக்கு, "இதுதான் அரிசியின்ர முதல் நிறம்" என்று தயங்காமல் சொல்லலாம்.

அறுகும் நெல்லும் ஒரே குடும்பம்

நம் கலியாண வீடுகளில் பெரியோர் மணமக்களுக்கு அறுகரிசி போட்டு வாழ்த்துவார்கள். அறுகம்புல்லும் அரிசியும் சேர்ந்த அந்தத் தட்டில் தாவரவியலின் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நெல், வரகு, சாமை, தினை, குரக்கன், சோளம், கோதுமை எல்லாமே புல்லினந்தான். மூங்கிலும் கரும்பும்கூட அந்தக் குடும்பமே.

பிள்ளையை முற்றத்துக்குக் கூட்டிப்போய் ஓர் அறுகங்கொடியைப் பிடுங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நெற்பயிரை வையுங்கள். நீண்ட ஒடுங்கிய இலை, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும் நரம்புகள், தண்டில் கணுக்கள், ஆணிவேர் இல்லாத நார்வேர்க் கூட்டம். எல்லாம் ஒத்துப்போகும். நெல்லிலையின் ஓரத்தை மெல்லத் தடவினால் விரலை அராவும். புல்லினம் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையிலும் உமியிலும் சேர்த்துவைப்பதே காரணம். உமியை எரித்த சாம்பலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு சிலிக்காதான். அந்த நாளில் உமிக்கரியால் பல் துலக்கினார்கள் என்றால், அழுக்கை அராவி எடுத்தது இந்தச் சிலிக்கா.

புல் எப்படிப் பயிராயிற்று என்பது பிள்ளைகளுக்கு மிகப் பிடிக்கும் கதை. காட்டு நெல்லின் மணி முற்றியதும் தானாக உதிர்ந்து மண்ணில் விழும். செடிக்கு அது நல்லது, பொறுக்க வருகிற மனிதருக்குத் துன்பம். ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தின் யாங்சி ஆற்றங்கரைகளில் நெல்லைச் சேகரித்த மக்கள், உதிராமல் கதிரிலேயே நின்ற மணிகளை அதிகமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றையே மீண்டும் விதைத்தார்கள். பல நூறு தலைமுறைகளில் உதிராத நெல் பெருகியது. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு, sh4 என்ற சங்கேதப் பெயரால் விஞ்ஞானிகள் குறிக்கும் ஒரு பரம்பரையலகில் நேர்ந்த ஒற்றை எழுத்து மாற்றத்துக்கு உரியது என்று 2006 இல் கண்டறிந்தார்கள். பிள்ளைக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டாம். முற்றிய காட்டுப்புல் கதிர் ஒன்றைத் தட்டினால் விதை கொட்டுவதையும், நெற்கதிரைத் தட்டினால் மணி பிடித்து நிற்பதையும் அது பார்த்தால் போதும்.

வரகும் குரக்கனும் தீவுக்கு ஏன் ஏற்றவை என்பதையும் இங்கே சொல்லலாம். நெல்லும் கோதுமையும் கடும் வெயிலில் காற்றை உள்ளெடுக்க இலைத்துளைகளைத் திறக்கும்போது நிறைய நீரை இழக்கின்றன. குரக்கன், வரகு, சாமை, தினை, சோளம் ஆகியவற்றுக்குக் காபனீரொட்சைட்டை இலைக்குள் செறித்துவைக்கும் தனியான ஏற்பாடு உண்டு. துளைகளை அதிகம் திறக்காமலே அவை உணவு ஆக்கும். மழை குறைந்த ஆண்டிலும் ஏதோ ஒரு விளைச்சல் தரும். தீவார் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளே இதற்குச் சாட்சி. இங்கே பரப்பு என்ற அளவு இரண்டு வகை: நெற்கணக்கில் 24 பரப்பு ஓர் ஏக்கர், வரகுக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். எந்தத் தானியத்துக்கான நிலம் என்பதைக் கொண்டே நிலத்தை அளந்த மக்கள் நாம். வீட்டில் பழைய உறுதி இருந்தால் எடுத்து, வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் காட்டுங்கள்.

குரக்கனுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராமளவே. மணி மிகச் சிறிதாகவும் தோல் இறுக ஒட்டியதாகவும் இருப்பதால் குரக்கனை அரிசிபோல் தீட்டுவதில்லை; முழுமணியும் மாவாகிறது. பல்லும் எலும்பும் வளரும் வயதில் குரக்கன் புட்டோ ரொட்டியோ தட்டில் வருவது நல்லது. முதல் நாள் பிள்ளை ஒதுக்கித் தள்ளும். அதனால் மனம் விடவேண்டாம். புதிய உணவு ஒன்றைச் சிறுவர் ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்துத் தடவையாவது சுவைக்கவேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அடிக்காமல், அதட்டாமல், சிறிதளவாகத் திரும்பத் திரும்பக் கொடுப்பதே வழி.

பயறும் உழுந்தும் வேறு குடும்பம்

ஒரு கைப்பிடி பயறை இரவில் ஊறவைத்துக் காலையில் தோலை உரியுங்கள். பருப்பு இரண்டாகப் பிரியும். நெல்மணி அப்படிப் பிரியாது. பயறு, உழுந்து, கடலை எல்லாம் இருவித்திலைத் தாவரங்கள். தம் குழந்தைக்கான உணவை அந்த இரண்டு தடித்த வித்திலைகளில் வைத்திருக்கின்றன. பிரியும் இடத்தின் ஓரத்தில் வளைந்து கிடக்கும் குட்டி முளையம் வெறுங்கண்ணுக்கே தெரியும். இதைக் காணும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது ஆசிரியருக்குக் கிடைக்கும் பரிசு.

பயற்றஞ்செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினால் சிறு சிறு உருண்டைகள் தெரியும். அவை வேர்ச் சிறுகணுக்கள். அவற்றுக்குள் குடியிருக்கும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கின்றன. கூலியாகச் செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. நெல் வெட்டிய வயலில், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறும் உழுந்தும் போடும் வழக்கம் நிலத்தையும் வளப்படுத்துகிறது.

நம் சமையல் இந்த இரண்டு குடும்பங்களையும் விடாமல் சேர்த்துவைத்திருக்கிறது. தைப்பொங்கலில் அரிசியோடு பயறு. ஆடிப்பிறப்பன்று ஆடிக்கூழில் அரிசி மாவோடு பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும். தோசையிலும் இட்டலியிலும் அரிசியோடு உழுந்து. இதன் பின்னால் உறுதியான உடலியல் காரணம் இருக்கிறது. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயற்றில் அது நிறைய. பயற்றில் குறையும் மெதியோனின் அரிசியில் போதியளவு உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும் பிள்ளைக்கு முழுமையான புரதம் கிடைக்கிறது. நாட்டின் தாய்மாருக்கும் சிறுவருக்கும் அரசு வழங்கும் திரிபோஷாவும் இதே கணக்கில் செய்யப்படுவதுதான்: சோளம் ஒரு குடும்பம், சோயா மற்றக் குடும்பம், கூடவே பாற்பொருள்.

உவர்நீர் தரும் பாடம்

புங்குடுதீவின் கிணற்று நீரில் ஓரிடம் நன்னீர், சற்றுத் தள்ளி உவர். குடிநீருக்காகப் பவுசரை எதிர்பார்த்து நிற்கும் வீடுகளின் பிள்ளைகளுக்கு இது புதுச்செய்தி அல்ல. அந்த அறிவை அறிவியலாக்கலாம்.

மூன்று சிரட்டைகளில் பயறு போட்டு, ஒன்றுக்கு மழைநீர், ஒன்றுக்கு உவர்க்கிணற்று நீர், ஒன்றுக்குக் கடல்நீர் தெளியுங்கள். மழைநீரில் பயறு அடுத்த நாளே முளைவிடும். உவர்நீரில் பிந்தும், முளையும் குட்டையாக இருக்கும். கடல்நீரில் முளைக்காது. விதை உயிர்த்தெழ முதலில் நீரை உள்ளே இழுக்கவேண்டும். வெளியே உப்பு அதிகமானால் நீர் உள்ளே செல்லத் தயங்கும். பாடப்புத்தகத்தில் பிரசாரணம் என்று பின்னாளில் படிக்கப்போவதை முன்பள்ளிப் பிள்ளை இங்கே கண்ணால் கண்டுவிடுகிறது.

தீவின் அடியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் காட்டலாம். நிறமூட்டிய உப்புநீரின் மேல் நன்னீரை மெல்ல மெல்ல ஊற்றினால் அது மேலே மிதந்து நிற்கும். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைநீரும் இப்படித்தான் கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்புநீர் ஏறிவிடும். அளவுக்கு மிஞ்சி நீரை இறைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். குளத்தைத் தூர்வாருவதும் வரம்பு கட்டி மழையை வயலிலேயே நிறுத்துவதும் நெல்லுக்காக மட்டுமல்ல, கிணற்றுக்காகவுந்தான்.

நெல் பொதுவாக உப்பைத் தாங்காத பயிர். என்றாலும் கேரளத்தின் எர்ணாகுளம் பக்கத்துக் கரையோரச் சேற்றில் விளையும் பொக்காளி என்ற இனம் உவர்நிலத்தில் உயர்ந்து வளர்கிறது. அதன் உப்புத் தாங்கும் இயல்பைப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வேறு இனங்களுக்குக் கடத்திப் புதிய நெல்லினங்களை உருவாக்கியிருக்கிறது. ஊருக்கு ஊர் பழைய விதைகளைக் காப்பாற்றவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

சுளகு, உரல், கொத்து

சிறுவருக்குக் கையே முதல் ஆசான். இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். அவருடைய வகுப்பறைகளில் தானியத்தை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றதற்குச் சிந்தாமல் ஊற்றுவதும், கலந்த விதைகளைப் பிரித்தெடுப்பதும் பாடங்களே. நம் வீடுகளில் அம்மம்மாமாருக்குப் பக்கத்தில் இருந்து பயறில் கல் பொறுக்கிய பிள்ளைகள் இதே பயிற்சியைப் பெற்றார்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு மணியைப் பிடிக்கப் பழகினால் பென்சில் பிடிப்பது எளிது.

சுளகில் நெல்லைப் போட்டுப் புடைக்கும்போது மணி கீழே நிற்க, சப்பி முன்னால் பறக்கும். நெல்லைத் தண்ணீரில் போட்டால் நிறைந்த மணி தாழும், சப்பி மிதக்கும். நிறை, காற்று, மிதத்தல் மூன்றையும் ஒரே காலையில் கற்பிக்கலாம். பிறகு அரிசி அளக்கும் கொத்தை எடுங்கள். ஒரு கொத்து அரிசியை அகன்ற தட்டில் கொட்டிக் காட்டிவிட்டு, அதே அரிசியை ஒடுங்கிய உயரப் போத்தலில் ஊற்றி, "எதில கூட இருக்குது?" என்று கேளுங்கள். நான்கு ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் போத்தலைக் காட்டும். ஏழு எட்டு வயதுப் பிள்ளை "ரெண்டும் ஒண்டுதானே" என்னும். சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே விரிவாக ஆராய்ந்த உண்மை இது. சின்னப்பிள்ளையின் விடையைப் பிழையென்று திருத்தவேண்டாம். திரும்பத் திரும்ப ஊற்றி விளையாட விடுங்கள். அளவு மாறுவதில்லை என்பதை அது தானே ஒருநாள் கண்டுபிடிக்கும்.

உரலில் ஒரு பிடி நெல்லைக் குத்தினால் உமி வேறாகும், தவிடு வேறாகும், அரிசி வேறாகும். நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ இருபது கிலோ உமி, எட்டுப் பத்துக் கிலோ தவிடு. உமி அடுப்புக்கு, தவிடு கோழிக்கும் மாட்டுக்கும், வைக்கோல் மாட்டுக்கு, குறுணல் கஞ்சிக்கு. ஒன்றையும் வீசாத இந்த ஒழுங்கைப் பிள்ளை தன் கையால் பிரித்து ஐந்து கிண்ணங்களில் வைக்கட்டும்.

தவிட்டின் அருமை மருத்துவ வரலாற்றிலேயே இடம்பெற்றது. 1890 அளவில் யாவாத் தீவில் ஒல்லாந்த மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து நடக்கமுடியாமல் விழுந்தன. அவற்றுக்கு இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்தது. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் கோழிகள் தேறின. தவிட்டில் இருந்த விற்றமின் B1 தான் வேறுபாடு என்று பிற்பாடு தெரிந்தது. 1929 இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துப் புழுக்கும்போது அந்த விற்றமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடாது. நம் வீடுகளின் புழுங்கலரிசி இந்த நன்மையோடுதான் வருகிறது.

பாணின் பயணம்

காலையில் பிள்ளை தின்னும் பாண் இந்த மண்ணின் தானியத்தில் ஆனதல்ல. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. குளிர்ந்த நாடுகளிலிருந்து கப்பலில் வந்து, பெரும்பகுதி திருகோணமலைச் சீனன்குடாவில் 1980 முதல் இயங்கும் ஆலையில் மாவாகிறது. உலகப்படத்தில் அந்தக் கப்பலின் வழியைப் பிள்ளை நூலால் காட்டட்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவும் பாணும் விலை ஏறியபோது வீடுகள் பட்ட பாட்டையும் பெரியவர்கள் சொல்லலாம். மனிதர் தாவரங்களிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறக்குறைய 60 விழுக்காடு நெல், கோதுமை, சோளம் என்ற மூன்றிலிருந்தே வருகிறது. சில பயிர்களிலேயே தங்கியிருப்பதன் ஆபத்தை உணர்ந்துதான் ஐக்கிய நாடுகள் சபை 2023 ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

ஓர் ஆண்டுப் பாடம்

தானியப் பாடத்தை ஒரு கிழமையில் முடித்துவிட முடியாது. பயிர் எடுக்கும் காலத்தையே பாடமும் எடுக்கவேண்டும். ஆரம்பப் பிரிவில் உள்ள சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்குள் இதைத் தாராளமாகப் பொருத்தலாம், முன்பள்ளிக்கும் ஏற்றது.

புரட்டாசியில், மழைக்கு முன், புழுதியில் விதைநெல் போடலாம். நிலம் இல்லாவிட்டால் ஒரு பழைய வாளி போதும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டிய போத்தலில் மழையை அளந்து சுவரில் கோடிட்டு வரலாம். பயிர் மட்டம் வெடித்துப் பெருகுவதை எண்ணலாம். மார்கழியில் நெல் பூக்கும். காலை ஒன்பது மணிக்குப் பின் ஒரு மணிநேரமளவுக்கே ஒவ்வொரு பூவும் திறந்திருக்கும்; அதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகவேண்டும். தையில் அருவி வெட்டு. ஒரு கதிரின் மணிகளை எண்ணினால், ஒரு விதை எத்தனையாகப் பெருகியது என்ற கணக்கு வரும். தைப்பூசத்தன்று அந்த நெல்லிலேயே புதிர் எடுக்கலாம். மாசியில் வெயிலில் காயவைத்து, பல்லில் கடித்துப் பார்த்து, நறுக்கென்று உடையும்போது சாக்கில் கட்டலாம். ஈரம் 14 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும் ஒரு பாடமே. சித்திரையில் திரிகையில் பயறு உடைக்கலாம். ஆடியில் எல்லோரும் சேர்ந்து கூழ் காய்ச்சலாம். பிறகு மீண்டும் புரட்டாசி வரும். சென்ற ஆண்டு எடுத்துவைத்த விதை கையில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். சின்னப் பிள்ளைகள் பயறு, கடலை, உழுந்தை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். அவை ஊறிப் பருத்தால் எடுப்பது கடினம். மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம் மணிகளைத் தனியே கொடுக்கவே கூடாது. மற்றவர்களுக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

புலம்பெயர்ந்த பெற்றோரும் இந்தச் சிரட்டைச் சோதனைகளைச் சூரிச்சின் சமையலறையிலேயே செய்யலாம். பயறு எங்கும் கிடைக்கும், முளைக்கும். அவர்களிடம் வேறொரு வேண்டுகோளும் உண்டு. புங்குடுதீவின் தரிசு வயல்களில் பலவற்றின் உறுதிகள் இன்று கடல்கடந்த பெட்டிகளில் இருக்கின்றன. உங்கள் காணியில் ஒரேயொரு பரப்பை, பெரும்போகக் காலத்துக்கு மட்டும், பக்கத்திலுள்ள முன்பள்ளியிடமோ பாடசாலையிடமோ விதைக்கக் கொடுங்கள். ஊரில் இருப்பவர்கள் விதைநெல்லும் ஒரு நாள் உழைப்பும் கொடுங்கள். மழை வரும், மண் இருக்கிறது, கற்க ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வரும் புரட்டாசியிலேயே தொடங்குவோம்.